கோடில்லாத அட்டவணை

திங்கள் காலை எட்டுக்குள் அறிக்கை ரீகா போய்ச் சேர வேண்டும்.
இப்போது ஞாயிறு இரவு, பதினொன்று.
போன ஆண்டுடையதும் சேர்த்து
படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
வார்த்தைகளுக்குப் பஞ்சம்:
விரிசல். ஈரக்கசிவு. துரு. விரிசல்.

எல்லாம் இல்க்வார்ஸ் எடுத்தவை,
ரப்பர் படகில் மல்லாந்து கிடந்து
பாலத்தின் அடிவயிற்றைப் பார்த்தபடி.
ஒவ்வொரு விரிசலுக்குப் பக்கத்திலும்
அளவு தெரியத் தன் சிவப்புத் தச்சுப் பென்சிலைப் பிடித்திருக்கிறார்.
சிலவற்றில் அவர் கட்டைவிரலும் உண்டு.
ஒன்றில் ஒரு வாத்து.
அதை வெட்ட முடியாது,
அதற்குப் பின்னால்தான் மூன்றாம் தூண்.

முதல் படத்தை வைத்தேன், வைத்த இடத்தில் இருந்தது.
இரண்டாவதை வைத்தேன்.
முதலாவது கோபித்துக்கொண்ட சம்பந்திபோல
எழுந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
அது விட்டுப்போன இடத்தில் அரைப்பக்க வெள்ளை.
ரீகாவில் அதைப் புரட்டுகிறவர்
அந்த இடத்தில் பாலம் நன்றாயிருக்கிறது என்று நினைத்துவிடலாம்.

வரியோடு வரியாக வைத்தால்
படமும் ஓர் எழுத்து.
முற்றுப்புள்ளிக்கு முன்னால் நிற்கும்
ஒரு சாண் உயர எழுத்து.
உரை சுற்றிவரட்டும் என்றால்
தூணைச் சுற்றும் தண்ணீர்போல
வார்த்தைகள் இரண்டாகப் பிரிந்து ஓடும்.
உரைக்குப் பின்னால் அனுப்பினால் மூழ்கிவிடும்;
எத்தனை முறை சொடுக்கினாலும்
கையில் அகப்படுவது எழுத்துதான்.
நாற்பத்தேழாம் விரிசல்
அப்படித்தான் இரண்டு மணி நேரம் காணாமல் போயிருந்தது.

ஓரத்தில் ஒரு குட்டி நங்கூரம்,
படம் எந்தப் பத்தியோடு கட்டுண்டது என்பதற்கு அடையாளம்.
பத்தியை அழித்தால் படமும் போகும்.
அழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கோப்பு கனக்கிறது, படங்களை அமுக்கட்டுமா
என்று கேட்டது கணினி.
அமுக்கினால் முதலில் சாவது மயிரிழைகள்.
இந்த அறிக்கையே மயிரிழைகளைப் பற்றியது.
வேண்டாம்.

கணக்குப் பிரிவு ஸ்கைத்ரீதே வெள்ளிக்கிழமையே சொன்னாள்:
அட்டவணை போடு, வரிசைக்கு இரண்டு கட்டம்,
எல்லாம் உட்கார்ந்ததும் கோடுகளை அழித்துவிடு.
என் முயல்களின் வம்சாவளியை அப்படித்தான் செய்தேன்,
ஒன்றுகூட நகரவில்லை.

முயலுக்கு ஆகுமென்றால் பாலத்துக்கும் ஆகும்.
இடக்கட்டத்தில் போன ஆண்டு,
வலக்கட்டத்தில் இந்த ஆண்டு.
கெஃபீர் ஒரு குவளை, பாதி கம்பு ரொட்டி,
வரிசை அறுபத்தொன்று.

இடப்பக்கம் விரிசல்
பென்சிலின் கூர் வரை வந்து நிற்கிறது.
வலப்பக்கம்
கூரைத் தாண்டி,
இல்க்வார்ஸின் கட்டைவிரலுக்கு அடியில் புகுந்து
மறுபக்கம் வெளியே வருகிறது.

இரண்டையும் தனித்தனியே
எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.
அவரோ நேரிலேயே கைவைத்துப் பார்த்தவர்.
பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க
ஒரு சோம்பேறி உத்தி வர வேண்டியிருந்தது.

உடனே ஒரு சந்தேகம்.
பன்னிரண்டேகாலுக்குத் தொலைபேசியில் எழுப்பினேன்:
அந்தப் பென்சிலை நடுவில் எப்போதாவது சீவினீர்களா?

நீண்ட மூச்சு. கட்டில் முனகல்.
அதைச் சீவுவேனா, என்றார்,
அது என் அளவுகோல்.
எழுதுவதற்கு வேறு வைத்திருக்கிறேன்.
பிறகு, என்னைவிட மெதுவாக,
அவரும் புரிந்துகொண்டது காதில் கேட்டது.

அக்கரைப் பால் வண்டி ஆறு பத்துக்கு.
பள்ளிப் பேருந்து ஏழு இருபதுக்கு.
சாலைத்துறை இரவுப் பணியாளர்
பாலத்தின் பெயரை இரண்டுமுறை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
தடுப்புக்கட்டை ஏற்றிய லாரி
நாலு மணிக்குள் கிளம்பும் என்றார்.

திரும்பி வந்து முதல் பக்கத்தின் தலையில்
ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
ஆய்வு முடியும்வரை போக்குவரத்து கூடாது.

ஒரு வரிதான்.
அதற்குக் கீழே முப்பத்தெட்டுப் பக்கமும் அசைந்தன.
கட்டங்கள் உடைந்தன, எண்கள் இறங்கின,
வாத்து மட்டும் தனியாக
ஒரு முழு வெள்ளைப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

போகட்டும்.